பல்லுக்குமா தமிழில்லை?

பல்லை எயிறு என்றும், அது முளைக்கும் தசையை ஈறு என்றும், யானையின் நீள்பல்லை மருப்பு என்றும், வரிசை பிறழ்ந்ததைத் தெற்றுப்பல் என்றும் நுணுகிப் பெயரிட்ட இனம் தமிழினம். அவ்வினத்து இளைஞர் பல் மருத்துவம் பயிலப் புகுங்கால், தம் வாயிலுள்ள உறுப்புக்கே அயன்மொழியில் பெயர் கேட்டு நெட்டுருச் செய்கின்றனர். இதனினும் இழிவு வேறுண்டோ?

அறிவியலுக்குத் தமிழில் சொல் இல்லை என்பார், வாய்திறந்து தம் பல்லை எண்ணிப் பார்க்கட்டும். வளர்ந்தவர்க்குப் பற்கள் 32. உணவை நறுக்குவன வெட்டுப்பற்கள் 8. கூர்நுனியால் கிழிப்பன கோரைப்பற்கள் 4. அடுத்து நிற்பன முன்கடைவாய்ப்பற்கள் 8. அரைப்பன பின்கடைவாய்ப்பற்கள் 12. இப் பன்னிரண்டனுள் இறுதியில் முளைக்கும் நான்கே அறிவுப்பற்கள். குழந்தைக்குப் பாற்பற்கள் 20. அவற்றுள் முன்கடைவாய்ப்பல் இல்லை.

ஈற்றின் புறத்தே தெரிவது முடி. ஈறு தழுவுவது கழுத்து. தாடையெலும்பில் புதைந்தது வேர். முடியைப் போர்த்த கடும்பொருள் பற்சிப்பி. மிளிரி என்பதும் அதுவே. அதனுள்ளே பன்முதல், அதன் நடுவே குருதிக்குழலும் நரம்பும் கொண்ட பற்கூழ், வேரின்மேல் பூசினாற்போல் அமைந்தது பற்காரை. இவற்றுள் எச்சொல்லுக்குத் தமிழ் இடந்தரவில்லை?

“பற்சிப்பி அரித்துவிட்டது, அது மீள வளராது, பற்கூழைத் தொடுமுன் அடைத்துக்கொள்க” என்று மருத்துவர் கூறின், சிற்றூர்த் தாய்க்கும் விளங்கும். அயற்சொல்லால் கூறின், தலையசைத்துப் போவாள். நோவு முற்றிய பின்னரே மீள்வாள். அதற்குள் பல்லைப் பிடுங்கும் நிலை வந்திருக்கும். சொல் விளங்காமையின் விலை அது!

இது வெறுங் கனவன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்குக் கிறீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூலையும் தமிழில் பெயர்த்தார். அவர் ஆண்ட சொற்களில் வடசொல் மிகுதி என்பது மெய்யே. ஆயினும் அயலவர்க்கிருந்த துணிவு தமிழர்க்கு வரவில்லை. தமிழ்நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் பயிற்றுமொழி ஆங்கிலமே.

பற்சொத்தை நோவின்றியே தொடங்குகிறது. பற்கூழை எட்டிய பின்னரே வலிக்கிறது. மொழிக்கு நேரும் கேடும் அத்தகையதே. அயற்சொல் ஒன்று நுழையுங்கால் எவர்க்கும் வலிப்பதில்லை. வேர்வரை அரித்தபின் அலறிப் பயனென்ன? மாணவர் தம் குறிப்பேட்டில் இன்றே தமிழ்ப்பெயர் எழுதத் தொடங்குக! ஆசிரியர் அதனை ஏற்றுப் போற்றுக! தமிழில் பல் மருத்துவம் பயிற்ற அரசு முன்வரும்வரை அக்குரல் ஓயாதிருக்க!