குரக்கன் போட்டால் மருந்தாகிவிடுமா?



வழமையாக இந்தப் பக்கத்தில் நேரே சமையல் குறிப்புக்குப் போய்விடுவோம். இம்மாதம் குறிப்புக்கு முன்னால் ஒரு தவறைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தவறு செய்தவள் நான்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாளுக்குப் பிள்ளைகள் பிரவுனி கேட்டார்கள். எங்கள் மாமிக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது அவர் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்காது. ஆகவே கோதுமை மாவுக்குப் பதிலாகக் குரக்கன் மா, சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டி, பட்டருக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் என்று எல்லாவற்றையும் மாற்றிச் செய்தேன். அருமையாக வந்தது. "மாமி, இது சீனி போடாதது. நீங்க பயப்படாம சாப்பிடலாம்" என்று பெருமையோடு தட்டை நீட்டினேன்.

மாமி என் சொல்லை நம்பினார். காலையில் இரண்டு துண்டு, பகல் உணவுக்குப் பின் ஒன்று, வந்த உறவினரோடு தேநீர் குடிக்கும்போது இன்னும் இரண்டு. மறுநாள் காலை வெறும் வயிற்றில் பரிசோதித்தபோது, வழமையாக 130, 140 என்று காட்டும் கருவி 231 என்று காட்டியது. வைத்தியரிடம் போனோம். "பெருநாளில் என்ன சாப்பிட்டீர்கள் உம்மா?" என்று கேட்டார். "ஒண்டுமில்ல டொக்டர், சீனி போடாத கேக் மட்டும்தான்" என்றார் மாமி. வைத்தியர் என்னிடம் என்ன போட்டுச் செய்தேன் என்று விசாரித்தார். சொன்னேன். "மகள், கருப்பட்டிக்கும் சீனிக்கும் உள்ள வித்தியாசம் நாக்குக்குத்தான் தெரியும். இரத்தத்துக்குத் தெரியாது" என்றார்.

மாமி ஒரு வார்த்தையும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. நம் நாட்டில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதாகக் கண்டது. நம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு மாமியோ வாப்பாவோ இருக்கிறார்கள். "உடம்புக்கு நல்லது" என்று நாம் சொல்லிக் கொடுக்கும் தட்டை அவர்கள் நம்பித்தான் வாங்குகிறார்கள். ஆகவே எதை மாற்றினால் என்ன கிடைக்கும், எதை மாற்றினால் ஒன்றும் கிடைக்காது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

பிரவுனி அமெரிக்காவில் பிறந்த பண்டம். பொஸ்டன் நகரச் சமையல் ஆசிரியை ஃபேனி ஃபார்மர் 1906இல் வெளியிட்ட தமது நூலின் புதிய பதிப்பில் சொக்லேட் பிரவுனிக் குறிப்பு இருக்கிறது. இன்று பல வீடுகளில் செய்யும் அளவு ஏறக்குறைய இதுதான்: பட்டர் 125 கிராம், சீனி 200 கிராம், கொக்கோ தூள் 50 கிராம், கோதுமை மா 65 கிராம், முட்டை இரண்டு. பாருங்கள், மாவைப்போல மூன்று மடங்கு சீனி. 16 துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் 12 கிராமுக்கு மேல், அதாவது மூன்று தேக்கரண்டி சீனி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், சேர்க்கப்படும் இனிப்பை நாளொன்றுக்கு ஆறு தேக்கரண்டி அளவுக்குள் வைத்துக்கொள்வது மேலும் நன்மை தரும் என்று சொல்லியிருக்கிறது. தேனும் பாணிகளும் அந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன. இரண்டு துண்டோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கருப்பட்டி: கித்துள் கருப்பட்டியின் மணமும் ருசியும் தனி. சிறிதளவு தாதுப்பொருட்களும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி, நாம் கடையில் வாங்கும் வெள்ளைச் சீனியில் உள்ள அதே இனிப்புத்தான். கடையில் விற்கும் கருப்பட்டி சிலவற்றில் சீனியே கலந்திருப்பதும் நமக்குத் தெரியும். அதனால் கருப்பட்டியை ருசிக்காகப் போடுங்கள். சுகத்துக்காக என்று நினைத்து அளவைக் கூட்டிவிடாதீர்கள்.

பேரீத்தம்பழம்: இது முழுப்பழம். இனிப்போடு நார்ச்சத்தும் சேர்ந்து வருவதால் சீனியை விட நல்லதுதான். ஆனாலும் இதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இனிப்பு இருக்கிறது. "பழம்தானே" என்று கணக்கில் விட்டுவிடக் கூடாது.

குரக்கன் மா: கல்சியமும் நார்ச்சத்தும் நிறைந்தது. கல்சியத்தில் அரிசி இதன் அருகில்கூட வராது. கொக்கோவோடு சேரும்போது குரக்கனின் கறுத்த நிறமும் மறைந்துவிடும். ஆயினும் குரக்கனும் மாச்சத்துள்ள தானியந்தான். நன்றாக மையாக அரைத்த மா விரைவாகச் சமிபாடடையும். குரக்கன் என்று பெயர் இருப்பதால் இரத்தத்தில் சீனி ஏறாது என்று எண்ண வேண்டாம்.

தேங்காய் எண்ணெய்: இங்கேதான் நான் நன்றாக ஏமாந்தேன். பட்டரில் உள்ள கொழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவு நிரம்பிய கொழுப்பு. தேங்காய் எண்ணெயிலோ பத்தில் ஒன்பது பங்கு. இருதயத்துக்காகப் பட்டரை விட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு மாறுவதில் அர்த்தமில்லை. சூரியகாந்தி எண்ணெயில் நிரம்பிய கொழுப்பு பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதையே பாவியுங்கள். சிலர் எண்ணெயை முற்றாக விட்டுவிட்டு வாழைப்பழத்தை மட்டும் மசித்துப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் பிரவுனி ரப்பர் போலாகிவிடும்; சொக்லேட்டின் ருசியையும் வாழைப்பழ மணம் மூடிவிடும்.

இதையெல்லாம் அறிந்துகொண்ட பிறகு பலமுறை செய்து பார்த்து நான் திருத்திய குறிப்பு இது.

தேவையான பொருட்கள்

விதை நீக்கிய பேரீத்தம்பழம் - 120 கிராம்
கொதிநீர் - 100 மில்லிலீற்றர்
உடனடிக் கோப்பித்தூள் - 1 தேக்கரண்டி
சுரண்டிய கித்துள் கருப்பட்டி - 75 கிராம்
கொக்கோ தூள் (சீனி சேராதது) - 50 கிராம்
குரக்கன் மா - 50 கிராம்
கோதுமை மா - 40 கிராம்
சூரியகாந்தி எண்ணெய் - 5 மேசைக்கரண்டி
முட்டை - 2
பேக்கிங் பவுடர் - அரைத் தேக்கரண்டி
உப்பு - கால் தேக்கரண்டி
ஏலக்காய்த்தூள் - கால் தேக்கரண்டி
நறுக்கிய கஜு - 40 கிராம்

செய்முறை

கோப்பித்தூளைக் கொதிநீரில் கரைத்து, அதில் பேரீத்தம்பழத்தை 20 நிமிடம் ஊறவிட்டு, நீரோடு சேர்த்து மையாக அரைத்துக்கொள்ளுங்கள். கோப்பியின் ருசி பின்னர் தெரியாது. கொக்கோவின் ருசியைத் தூக்கிக் காட்டுவதே அதன் வேலை. சிறுபிள்ளைகளுக்காகச் செய்வதானால் கோப்பியை விட்டுவிடலாம்.

அரைத்த கலவையை இலேசாகச் சூடாக்கி இறக்கி, கருப்பட்டியைப் போட்டுக் கரையுங்கள். குரக்கன் மாவையும் கொக்கோவையும் அரிதட்டில் அரித்து இதில் சேர்த்துக் கலந்து, 15 நிமிடம் மூடி வையுங்கள். இதை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். குரக்கன் நறநறவென்று பல்லில் தட்டுவதாகப் பலர் குறைப்படுவது, மா ஈரத்தில் ஊறாததால்தான்.

கலவை நன்றாக ஆறியபின் எண்ணெய் சேருங்கள். முட்டைகளை வேறாக நுரை வர அடித்து ஊற்றுங்கள். சூட்டோடு ஊற்றினால் முட்டை வெந்துவிடும். கோதுமை மா, பேக்கிங் பவுடர், உப்பு, ஏலக்காய் ஆகியவற்றை ஒன்றாக அரித்துப் போட்டு, மா மறையும்வரை மட்டும் கலக்குங்கள். நீண்ட நேரம் கலக்கினால் இறுகிவிடும். வெனிலா போடுபவர்கள் போத்தலில் எழுதியிருப்பதை வாசித்து வாங்குங்கள். சில வகைகள் மதுசாரத்தில் கரைத்தவை. அந்தக் கவலை வேண்டாம் என்றுதான் நான் வட்டிலாப்பத்துக்குப் போடும் ஏலக்காயையே போடுகிறேன்.

20 சென்ரிமீற்றர் சதுரத் தட்டில் ஒயில் பேப்பர் விரித்து ஊற்றி, மேலே கஜுவைத் தூவி, 175 பாகை செல்சியஸில் 20 முதல் 22 நிமிடம் வேகவிடுங்கள். நடுவில் ஈர்க்கைக் குத்தி எடுத்தால் ஈரமான துகள்கள் ஒட்டியிருக்க வேண்டும். சுத்தமாக வந்தால் வெந்தது கூடிவிட்டது என்று அர்த்தம். ஓவன் இல்லாதவர்கள் தடித்த சட்டியில் மணல் பரப்பிச் சூடாக்கி, தட்டை உள்ளே வைத்து இறுக மூடி, மெல்லிய நெருப்பில் செய்யலாம். நேரம் சற்றுக் கூடும்.

இரண்டு விடயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடையில் வாங்கும் பிரவுனியின் மேலே மினுமினுப்பான மெல்லிய தோல் ஒன்று இருக்குமே, அது இதில் வராது. அந்தத் தோலைத் தருவது நிறையச் சீனிதான். ஆகவே பிழைத்துவிட்டதோ என்று மனம் சோர வேண்டாம். மற்றது, சீனி இனிப்பை மட்டும் தருவதில்லை. பண்டம் கெடாமலும் காக்கிறது. சீனியைக் குறைத்தால் அந்தக் காவலும் குறையும். நம் ஊர்ச் சூட்டுக்கு இது ஒரு நாளுக்கு மேல் வெளியே தாங்காது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து நான்கைந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே செய்து வைக்கும் பண்டமல்ல இது.

இனி முக்கியமான விடயம். இதை நன்றாக ஆறவிட்டு, பக்கத்துக்கு ஐந்து வீதம் 25 துண்டாக வெட்டுங்கள்.

ஏன் 25 என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். கருப்பட்டியும் பேரீத்தம்பழமும் சேர்ந்து இந்தத் தட்டு முழுவதிலும் ஏறத்தாழ 145 கிராம் இனிப்பு இருக்கிறது. பழைய குறிப்பில் 200 கிராம். இதையும் 16 துண்டாக வெட்டியிருந்தால் ஒரு துண்டில் 9 கிராம். 25 ஆக வெட்டும்போது 6 கிராமுக்குள் வந்துவிடுகிறது. 12 கிராமுக்கு மேலிருந்த துண்டு 6 ஆகக் குறைந்ததில் பாதியைச் செய்தவை மாற்றிய பொருட்கள். மறுபாதியைச் செய்தது நம் கையிலிருந்த கத்தி! இவ்வளவு காலமும் நான் மாவையும் எண்ணெயையும் மாற்றி மாற்றிப் பார்த்தேனே தவிர, கத்தியைப் பற்றி யோசிக்கவே இல்லை. பட்டரில் செய்யும் வழமையான பிரவுனியையே நீங்கள் விரும்பினாலும், துண்டைச் சிறிதாக்குவது உங்கள் கையில் இருக்கிறது.

கூடவே குடிக்கும் தேநீரையும் மறக்க வேண்டாம். இனிப்புப் பண்டம் மேசைக்கு வரும் நாளில் தேநீரில் சீனி வேண்டாமே. வாய்க்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

நீரிழிவு உள்ளவர்கள் இதையும் மருந்தென்று எண்ணிச் சாப்பிடக் கூடாது. எவ்வளவு சாப்பிடலாம், சாப்பிடலாமா என்பதையே அவரவர் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இதே பிரவுனியைச் செய்தேன். வைத்தியர் ஒரு சிறு துண்டுக்கு அனுமதி தந்திருந்தார். இம்முறை தட்டை நீட்டும்போது, "மாமி, இதில் இனிப்பு இருக்கு. குறைவுதான், ஆனா இருக்கு" என்று சொன்னேன். மாமி ஒரு துண்டை எடுத்து, பாதியைப் பேரப்பிள்ளையின் வாயில் வைத்துவிட்டு, மீதியை ஆறுதலாகச் சாப்பிட்டார். இன்னொன்று வேண்டுமா என்று பேரன் கேட்டதற்கு, "காணும் மகன், ருசி வாயில இருக்கு" என்றார்.

நம் நாட்டில் 2016 ஆகஸ்ட் மாதம் முதல் குளிர்பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று நிற அடையாளம் இடும் சட்டம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. போத்தலைக் கையில் எடுக்கும் பிள்ளைக்குக்கூட அது விளங்கும். நம் கையால் செய்து கொடுக்கும் பண்டத்துக்கு அப்படி எந்த அடையாளமும் இல்லை. நாம் வாயால் சொல்வதுதான் அதன் அடையாளம். அதைச் சரியாகச் சொல்வோம், சகோதரிகளே.

இதை உங்கள் வீட்டில் செய்து பார்த்து, எப்படி வந்தது என்று எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.