இலவசமாய்க் கிடைக்கும் நீதியை விலைகொடுத்து வாங்கும் அல் ஐன் தமிழர்



அல் ஐன் நகரின் சனாயா தொழிற்பகுதியில் நான்கு மாத ஊதியம் கிடைக்காத தமிழ்த் தொழிலாளி முதலில் யாரை நாடுகிறார்? தட்டச்சு நிலைய வாசலில் நிற்கும் 'விவரம் தெரிந்த அண்ணாச்சி'யை. "அமைச்சகத்தில் நமக்கு ஆள் உண்டு, ஆயிரம் திர்ஹாம் கொடு, முடித்துத் தருகிறேன்" என்கிறார் அண்ணாச்சி. பற்றுச்சீட்டு கிடையாது. ஏமாந்தால் முறையிடவும் வழி கிடையாது.

அந்த ஆயிரம் திர்ஹாம் எதற்கு? மனிதவள அமைச்சகத்தில் முறையீடு பதிவு செய்யத் தொழிலாளிக்குக் கட்டணமே இல்லை; 80084 என்ற எண்ணில் தொலைபேசியிலேயே பதியலாம். 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பிலுள்ள தொழிலாளர் சட்டப்படி, ஒரு இலட்சம் திர்ஹாமுக்கு மேற்படாத கோரிக்கைக்கு நீதிமன்றக் கட்டணமும் இல்லை. 50,000 திர்ஹாம் வரையிலான பிணக்குகளில் 2024 முதல் அமைச்சகமே முடிவு வழங்குகிறது. அதே ஆண்டின் திருத்தம், வேலை முடிந்தபின் உரிமை கோரும் காலத்தை ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீட்டியது. கடவுச்சீட்டை முதலாளி பிடித்துவைப்பதும் சட்டவிரோதமே. இவற்றை எடுத்துச் சொல்ல அண்ணாச்சிக்கு என்ன அவசியம்? அவர் பிழைப்பே நம்மவரின் அறியாமைதானே!

மொழியும் நம்மைக் கைவிடுகிறது. வேலைவாய்ப்புக் கடிதம் வழங்கப்படும் மொழிகளில் தமிழும் உண்டு. ஆனால் 2019-இல் அபுதாபி நீதித்துறை தொழிலாளர் நீதிமன்றப் படிவங்களில் அரபு, ஆங்கிலத்துக்கு அடுத்த மூன்றாம் மொழியாகச் சேர்த்தது இந்தியை. ஆள் எடுக்கும்போது பேசிய தமிழ், கூலி கேட்கும்போது ஊமையாகிறது. 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற அரபுத் தாளில் பொருள் புரியாமலே கையெழுத்திட்டு ஊர் திரும்பியோர் நம்மில் எத்தனை பேர்!

அரசை மட்டும் குறைகூறிப் பயனில்லை. 2016-இல் அல் ஐன் நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்ற பத்துப் பஞ்சாப் இளைஞர்களுக்காகக் குருதிப்பணம் கொடுக்க முன்வந்தவர் துபாய்த் தொழிலதிபர் எஸ்.பி. சிங் ஓபராய். 2017-இல் அவர்கள் தூக்கிலிருந்து தப்பினர். கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ், வளைகுடாவில் சட்ட ஆலோசகர்களை அமர்த்தித் தம் மக்களுக்கு உதவுகிறது. தமிழ்நாட்டிலோ 2011-இல் இயற்றிய வெளிநாடுவாழ் தமிழர் நலச் சட்டம் செயலுக்கு வரவே பத்தாண்டுக்கு மேலாயிற்று! நம் சங்கங்கள் திரை நட்சத்திரங்களை வரவழைக்கச் செலவிடும் தொகையில் ஒரு பங்கு போதாதா, உரிமம் பெற்ற வழக்கறிஞர் ஒருவரை மாதம் ஒருநாள் அழைத்து அமர்த்த?

இந்தியத் தூதரகத்தில் 2009 முதல் சமூக நல நிதி இருக்கிறது; வசதியற்றோருக்குச் சட்ட உதவியும் அதிலிருந்து உண்டு. ஆனால் தூதரகம் இருப்பது அபுதாபியில். போய்வர ஒருநாள் கூலி போகும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம் உறவுகளுக்கு அந்த நிதியும் இல்லை. அவர்கள் தம் தூதரகத்தையே நாட வேண்டும்.

வழக்கறிஞரை அமர்த்தியே தீர வேண்டுமெனில், அவர் நீதிமன்றத்தில் வாதிடும் உரிமம் உடையவரா என்று முதலில் கேளுங்கள். சட்ட ஆலோசகர் என்ற பலகை மட்டும் அதற்குப் போதாது. கட்டணத்தை எழுத்தில் பெறுங்கள். அதிகாரப் பத்திரத்தில் என்னென்ன அதிகாரம் கொடுக்கிறீர்கள் என்பதை வாசித்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகே ஒப்பமிடுங்கள்.

பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் அங்குள்ள பள்ளிகளில் அரபு பயில்கிறார்கள். இளையோரே, சட்ட ஆலோசனை சொல்வது உங்கள் வேலையன்று. சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளரின் இடத்தையும் நீங்கள் நிரப்ப இயலாது. ஆனால் கையெழுத்திடும் முன் ஒரு தாளை வாசித்துச் சொல்லவும், 80084-ஐ அழைத்துக் கொடுக்கவும் உங்களால் இயலும். நன்கொடை திரட்டும் எண்ணம் மட்டும் வேண்டாம். உரிமமின்றித் திரட்டுவது அங்கே குற்றம்.

வரும் பொங்கல் விழாவுக்கு அரங்கம் பதிவு செய்யும் சங்கப் பொறுப்பாளர்களே, வாசலில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் இதற்கென ஒதுக்குவீர்களா?