பழைய வீடு வாங்கும் முன்

தியான வேதபகுதி: எண்ணாகமம் 27:1-11, எரேமியா 32:6-15, யோபு 42:12-15



 குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் இலஞ்சி, மேலகரம், பண்பொழி, செங்கோட்டை எனச் சுற்றுவட்டாரத்தில் பழைய தனி வீடுகளைத் தேடி வருவோர் உண்டு. பணி ஓய்வு பெற்றபின் அமைதியான கிராமத்தில் குடியேற விரும்பும் நம் சபையாரும் அவர்களில் அடங்குவர். ஓட்டுக்கூரை, தேக்கு உத்திரம், திண்ணை, புறவாசலில் ஒரு கிணறு என்று அவ்வீடுகள் மனதைக் கவருகின்றன. இவ்விருப்பத்தில் தவறேதும் இல்லை. ஆயினும் அச்சாரம் கொடுக்குமுன் ஒரு காரியத்தைத் தேவசமுகத்தில் சிந்திக்கும்படி உங்களை வேண்டுகிறேன்.

வீடு வாங்குவது ஆவிக்குரிய வாழ்வுக்குப் புறம்பான காரியம் என்று எண்ணாதிருங்கள். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்த நாளில், காவலில் இருந்த எரேமியா ஆனதோத்தின் நிலத்தைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். பணத்தை நிறுத்துக் கொடுத்தார், சாட்சிகளை வைத்தார், முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார். ஆபிரகாமும் மக்பேலா நிலத்தை இலவசமாகப் பெற மறுத்து, ஊரார் கேட்க நானூறு சேக்கல் முழுவிலையையும் செலுத்தினார். பரிசுத்தவான்களின் கிரயம் வெளிச்சத்தில் நடந்தது. முத்திரைத் தீர்வையை மிச்சப்படுத்தக் கிரயப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவோர் இதைக் கவனிக்கட்டும். பொய்யை முதல் கல்லாக வைத்துவிட்டு, அதன்மேல் வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம் நடத்துவது எப்படி?

எனினும் என் இருதயத்தில் பாரமாயிருப்பது இதனினும் பெரிய காரியம். பழைய வீடு பெரும்பாலும் ஒருவருடைய வீடு அன்று. தாத்தாவின் பெயரில் பத்திரம் இருக்கும், வாரிசுகள் பல ஊர்களில் இருப்பர். விற்க வருகிறவர் மூத்த மகனாக இருப்பார். சகோதரிகளைப் பற்றிக் கேட்டால், "அவர்களுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாகிவிட்டது" என்ற பதில் வரும். நம்மில் பலர் அதற்குமேல் கேட்பதில்லை.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் மரித்த கிறிஸ்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், மீதி பிள்ளைகள் அனைவருக்கும் சமமாகவும் சேரும். மகன், மகள் என்ற வேறுபாடு இல்லை. திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டமோ, மகனுடைய பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதையே மகளுக்கு வைத்தது. மேரி ராய் என்ற சகோதரி தொடுத்த வழக்கில், அங்கும் 1925ஆம் ஆண்டுச் சட்டமே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1986இல் தீர்ப்பளித்தது. நம் செங்கோட்டையும் முன்பு திருவிதாங்கூரின் பகுதியாகவும், பின்பு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாகவும் இருந்தது. சட்டம் மாறினாலும் வழக்கம் எளிதில் மாறுவதில்லை. அதை நம் வீடுகளிலேயே காண்கிறோம்.

வேதம் என்ன சொல்லுகிறது? செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளும் மோசேக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக நின்று தங்கள் சுதந்தரத்தைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே சொன்னார். அவர்களுக்குச் சகோதரர் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். யோபுவின் குமாரத்திகளைப் பாருங்கள். அவருக்கு ஏழு குமாரர் இருந்தும், குமாரத்திகளுக்கும் அவர்கள் நடுவிலே சுதந்தரம் கொடுத்தார். துன்பத்தின் பாதையைக் கடந்து வந்த தகப்பன் செய்த காரியம் அது.

நகையும் சீரும் கொடுத்தோமே என்பது பலருடைய வாதம். அன்பளிப்பு அன்பளிப்பே, அது பங்கைத் தீர்த்துவிடாது. சகோதரி தன் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுப்பதும் உண்டு. அது அழகான காரியம். ஆனால் தனக்குப் பங்கு உண்டென்றும் அதன் மதிப்பு இன்னதென்றும் அறிந்தபின் விட்டுக்கொடுப்பதே தியாகம். அறியாமலோ, பிறந்த வீட்டு உறவு முறிந்துவிடும் என்ற அச்சத்தாலோ விடுதலைப் பத்திரத்தில் இடும் கையெழுத்து அப்படிப்பட்டதன்று.

ஆகவே வாங்குகிறவர்களுக்குச் சொல்லுகிறேன்: மூலப்பத்திரம், வாரிசுச் சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் ஆகிய யாவற்றையும் நல்ல வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பட்டா மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. வில்லங்கச் சான்றிதழோ பதிவான பரிவர்த்தனைகளையே காட்டும். ஒரு சகோதரியின் கண்ணீரைக் காட்டாது. அதற்கு நீங்களே போய்க் கேட்கவேண்டும். முடிந்தால் அவர் வீட்டிலேயே, அண்ணன் தம்பியர் அருகில் இல்லாதபோது, "அம்மா, உங்களுக்கு இதில் முழுச் சம்மதமா?" என்று கேளுங்கள். கையெழுத்திடாத வாரிசு பின்னாளில் பாகப்பிரிவினை வழக்குத் தொடுக்க இடமுண்டு என்பதால் இது உங்களுக்கும் பாதுகாப்பு. வழக்கே வராது என்றாலும் கேளுங்கள்.

விற்கிற சகோதரர்களே, உங்கள் சகோதரியை அழைத்து, வந்த விலையைச் சொல்லி, அவருடைய பங்கை முன்வையுங்கள். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அவரே சொல்லட்டும். பிள்ளைகளை உடைய பெற்றோரே, பலத்தோடிருக்கும்போதே யோபுவைப்போல உங்கள் குமாரத்திகளை நினைத்து உயில் எழுதிவையுங்கள்.

ஆகாப் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பெற்றான்; அதில் அவன் சமாதானமாய் உலாவ முடியவில்லை. உங்கள் புதிய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மலைமேல் இறங்கும் மேகத்தைப் பார்க்கும்போது, அவ்வீட்டில் பிறந்து வளர்ந்த மகள் ஒருத்தி வாசலுக்கு வந்தால், அவளை முகமலர்ந்து உள்ளே அழைக்கக்கூடியவர்களாய் இருங்கள்.

ஜெபம்: நீதியுள்ள பிதாவே, நாங்கள் வாங்குவதிலும் விற்பதிலும் உமக்குப் பயப்படுகிற பயத்தைத் தாரும். பேச முடியாதவர்களின் பங்கை மறவாத மனதைத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.