தொழில்பேட்டைப் பக்கம்: குளிரறை ஜக்கற்றுக்கு யார் காசு கொடுப்பது?



சென்ற விடுமுறை நாளில் எங்கள் றூமுக்கு ஒரு சகோதரி தன் கணவரின் சம்பளத் துண்டோடு வந்தார். குடும்பமாக இங்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கணவருக்குத் தொழில்பேட்டையில், மீனும் இறைச்சியும் உறைய வைத்துச் சேமிக்கும் ஒரு கொம்பனியில் வேலை. முதல் மாதச் சம்பளத்தில் 120 திர்ஹாம் வெட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு "ஜக்கற்" என்று ஒரு சொல்லில் மறுமொழி வந்ததாம்.

"அண்ணை, ஷார்ஜாவிலை ஆருக்கு ஜக்கற்? பங்கா போட்டாலே வேர்க்கிற ஊரிலை இது ஏதும் ஏமாத்து வேலையோ?" என்று கேட்டார்.

ஜக்கற் கட்டாயம் வேணும், ஆனால் அதற்குக் காசு வெட்டியது பிழை என்று சொன்னோம். இரண்டையும் விளக்கிச் சொல்ல ஒரு மணித்தியாலம் ஆனது. புதிதாக வந்த மற்றக் குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் அதையே இம்முறை எழுதுகிறோம்.

இரண்டு விதக் குளிர்

இங்கே குளிர் இரண்டு விதம். ஒன்று மார்கழி, தை மாதக் குளிர். தை மாத இரவில் ஷார்ஜாவில் 13 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். விடியற்காலையில் கொம்பனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் பாலைவனக் காற்று காதுக்குள் புகும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பிறந்தவனுக்கு அது சரியான குளிர்தான். ஆனாலும் ஒரு சுவெற்றரும் கழுத்துத் துண்டும் இருந்தால் சமாளிக்கலாம். அதை நாங்களே வாங்கிக் கொள்கிறோம். கடவுள் தந்த குளிருக்கு முதலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை.

மற்றது மெசின் உண்டாக்கும் குளிர். உறைந்த உணவு வைக்கும் பிறீசர் அறை பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும். சில அறைகள் அதைவிடக் குளிர். ஆடி மாதத்தில் வெளியே 45 பாகை வெயில். நடுவில் இருப்பது ஒரு கதவு மட்டும். அந்தக் கதவால் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை போய்வருகிறவனின் உடம்பு ஒவ்வொரு முறையும் அறுபது பாகைக்கு மேல் தாண்டுகிறது. நுவரெலியாவில் பிறந்தவனும் அப்படியொரு குளிரைக் கண்டிருக்க மாட்டான்.

வெயிலைப் பற்றி இங்கு எல்லோருக்கும் தெரியும். யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது நாடு முழுவதும் உள்ள விதி. ஆனால் அதே நேரத்தில் பிறீசருக்குள் நிற்கிறவனை யாரும் நினைப்பதில்லை. "நீ குடுத்து வைச்சவன், ஏசிக்குள்ளை வேலை" என்று வெளியே நிற்கிறவன் பகிடி பண்ணுவான்.

நாங்கள் பட்டது

நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். முதல் வேலைக்குப் போன இடத்தில் எட்டுப் பேருக்கு மூன்று ஜக்கற். வெளியே வருகிறவர் கழற்றிக் கொடுக்க, உள்ளே போகிறவர் போட்டுக் கொள்வார். அதன் உட்புறம் மற்றவரின் வேர்வையில் ஊறியிருக்கும். உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் அந்த ஈரம் முதுகில் ஐஸ் வைத்தது போல இருக்கும். ஜக்கற் கிடையாத நாளில் இரண்டு ரீ-சேர்ட் போட்டு, தலையைத் துவாயால் கட்டி, சாரத்தைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போனோம்.

எங்களோடு திருகோணமலைத் தம்பி ஒருவர் இருந்தார். அவரது கையுறை விரல் நுனியில் கிழிந்திருந்தது. ஒருநாள் பெட்டி அடுக்கிவிட்டு வெளியே வந்தபோது மூன்று விரல் நுனிகள் மெழுகு போல வெளுத்திருந்தன. "நோகேல்லை அண்ணை, மரத்துப் போச்சு" என்று சிரித்தார். நோகாதது நல்லதென்று நாங்களும் நினைத்தோம். விரல்களை உரஞ்சினோம். பிறகு அவர் சுடுதண்ணீர்க் கேத்திலில் கையை ஒட்டிப் பிடித்தார். செய்தது எல்லாமே பிழை. இரவு கொப்புளம் போட்டது. பிறகு ஒரு நகம் கழன்றது. இன்றைக்கும் அந்த விரல்களால் அவருக்குச் சேர்ட் பொத்தான் பூட்ட முடியாது. "கவனமில்லாத பொடியன்" என்று சுப்பவைசர் எழுதி வைத்தார். ஊரில் இருக்கும் தாயாருக்கு அவர் இன்னும் சொல்லவில்லை.

ஆகவே ஒன்றை மனதில் வையுங்கள். விரல், காது, மூக்கு நுனி வெளுத்து உணர்ச்சி இல்லாமல் போனால் உடனே வெளியே வர வேண்டும். உரஞ்சக் கூடாது. நெருப்பு, ஹீற்றர், சுடு கேத்தில் எதுவும் ஆகாது. மரத்த தோலுக்குச் சூடு தெரியாததால் வெந்து போகும். ஈரக் கையுறையைக் கழற்றி, கைக்கு இதமான வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக்கொண்டு டொக்டரிடம் போக வேண்டும். ஒருவர் நடுங்கி, நா குழறி, தள்ளாடினால் அவரைத் தனியே விடக் கூடாது. அம்புலன்சைக் கூப்பிட வேண்டும். இங்கு அதற்கு 998.

ஜக்கற் என்றால் எது?

கடையில் வடிவாகத் தொங்கும் ஜக்கற் எல்லாம் பிறீசருக்கு உதவாது. பூச்சியத்துக்குக் கீழே 5 பாகையும் அதற்கும் குறைந்த குளிருமான இடங்களுக்கென்று செய்த உடுப்பில் "ஈஎன் 342" என்ற ஐரோப்பியத் தர இலக்கம் போட்டிருக்கும். குளிருக்கான கையுறையில் "ஈஎன் 511" என்றிருக்கும். உள்பக்கத் துண்டுச் சீலையைத் திருப்பிப் பாருங்கள். ஜக்கற் மட்டும் போதாது. காற்சட்டை, காதை மூடும் தொப்பி, கையுறை, தடித்த அடியுள்ள சப்பாத்து எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு செற்.

பெரிய எதிரி குளிர் மட்டுமல்ல, ஈரமும்தான். பிறீசரில் இருந்து வெளியே வந்ததும் ஷார்ஜாவின் புழுக்கம் குளிர்ந்த ஜக்கற்றில் தண்ணீராகப் படியும். அதோடு திரும்ப உள்ளே போனால் அந்தத் தண்ணீர் உறையும். ஆகவே ஒருவருக்கு ஒரு செற் என்பது ஆடம்பரம் அல்ல. காய வைக்க இடமும் மாற்றுக் கையுறையும் வேண்டும்.

வீட்டில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். பருத்திக் காலுறை வேர்வையைக் குடித்து வைத்திருக்கும், கம்பளிக் காலுறை நல்லது. உள்ளே போடும் சட்டைக்கு மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வைத்து விடுங்கள். வேலைக்குப் போகிறவரிடம் பிறீசர்க் கதவு உள்ளிருந்தும் திறக்குமா என்று கேளுங்கள். திறக்காத கதவுக்குள் எந்த ஜக்கற்றும் காப்பாற்றாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த நாட்டின் 2021 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கத் தொழில் சட்டம் 2022 பெப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ளது. வேலையால் வரும் காயத்துக்கும் நோய்க்கும் எதிரான பாதுகாப்புச் சாதனங்களைத் தொழிலாளிக்குக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அதன் 13 ஆம் பிரிவு சொல்கிறது. இது புதிய கருணை அல்ல. முன்பிருந்த 1980 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டத்தின் 91 ஆம் பிரிவும் அதையே சொன்னது. சம்பளத்தில் எவற்றைக் கழிக்கலாம் என்று 25 ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. கடன், கூடுதலாகக் கொடுத்துவிட்ட பணம், விதிப்படியான தண்டம் போன்றவை அதில் உள்ளன. பாதுகாப்பு உடுப்பின் விலை அதில் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்தப் பட்டியலில் சில கழிவுகள் தொழிலாளி எழுத்தில் சம்மதித்தால் செல்லும். சேதத்துக்கான பணம் அப்படியானது. அதனால் விளங்காத தாளில் அவசரப்பட்டு ஒப்பம் வைக்காதீர்கள். அரபு தெரிந்தவரிடம் வாசிப்பித்துக் கேளுங்கள். தாளின் படம் ஒன்றைக் கைத்தொலைபேசியில் எடுத்து வையுங்கள்.

வெளிநாடுகளிலும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. பிரித்தானியாவில் 1974 ஆம் ஆண்டுச் சட்டம், சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் 2008 இல் நடைமுறைக்கு வந்த விதி, சாதாரண காலநிலைக்கான குளிர்ச் சட்டையைத் தொழிலாளியே வாங்கலாம் என்று விட்டது. ஆனால் பிறீசர் போன்ற செயற்கைக் குளிருக்கான உடுப்பு அந்த விலக்கில் சேராது என்றும் விளக்கம் கொடுத்தது. நாங்கள் மேலே சொன்ன இரண்டு குளிர் இதுதான். வானத்துக் குளிருக்கு நாங்கள் பொறுப்பு. தொழிலுக்காக உண்டாக்கிய குளிருக்கு, அதை உண்டாக்கியவர் பொறுப்பு.

கம்பளிக் கணக்கு

இது எங்கள் சனத்துக்குப் புதிய கதையும் அல்ல. தமிழ்நாட்டில் இருந்து இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த சனத்துக்கு அரிசியும் கம்பளியும் கொடுத்தார்கள். வெள்ளைக்காரத் துரை அன்பாகக் கொடுத்த கம்பளி என்று வெளியே பேச்சு. ஆனால் அதன் விலை அவர்கள் பேரில் எழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிந்தது. வழிச் செலவும் அரிசியும் கம்பளியும் சேர்ந்து கங்காணியின் கணக்கில் கடனாக நின்றது. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. அந்தக் கடனை எழுதிய "துண்டு" முறை 1921 இல்தான் சட்டத்தால் நிறுத்தப்பட்டது.

பிறகு இந்தியாவில் 1951 இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைச்சட்டை முதலாளி கொடுக்க வேண்டும் என்று விதி செய்யும் அதிகாரத்தை அதன் 17 ஆம் பிரிவு மாநில அரசுகளுக்குக் கொடுத்தது. கடனாக எழுதிய கம்பளி உரிமையாக மாற முப்பது வருடம் எடுத்தது. 120 திர்ஹாம் துண்டைப் பார்த்தபோது எங்களுக்கு அந்தக் கம்பளிதான் ஞாபகம் வந்தது.

எப்படிக் கேட்பது?

சொல்வது சுகம், கேட்பது கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும். இந்த நாடு 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. இங்கே எங்களை அகதி என்று சொல்லும் தாள் எதுவும் இல்லை. கையில் இருப்பது வேலை விசா ஒன்றுதான். மற்ற நாட்டுக்காரன் சண்டை பிடித்தால் ஊருக்குப் போவான். நாங்கள் எங்கே போவது? இந்தப் பயம் முதலாளிக்கும் தெரியும்.

ஆகவே தனியே போகாதீர்கள், கோபமாகவும் போகாதீர்கள். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து போனோம். பிறீசருக்குள் போகிறவர் எத்தனை பேர், இருக்கும் ஜக்கற் எத்தனை, கிழிந்த கையுறை எத்தனை என்று ஒரு தாளில் எழுதினோம். ஸ்ரோர் பார்க்கும் மலையாளி அண்ணை அதை ஆங்கிலத்தில் திருத்தித் தந்தார். இரண்டு பாகிஸ்தான்காரரும் ஒரு வங்காளியும் கூட ஒப்பம் வைத்தார்கள். திகதி போட்டுக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக் கொண்டோம். மனேஜர் முதலில் முகம் கொடுக்கவில்லை. நாற்பது நாள் கழித்து ஆறு ஜக்கற் வந்தது. கையுறை ஆளுக்கு இரண்டு சோடி வந்தது. வெட்டிய காசு மூன்று பேருக்குத் திரும்பியது. இரண்டு பேருக்கு இன்னும் வரவில்லை. முழு வெற்றி என்று பொய் சொல்ல மாட்டோம்.

கேட்டும் நடக்காவிட்டால் தொழில் அமைச்சின் ஆலோசனை, முறைப்பாட்டு இலக்கம் 80084. அழைக்க முன் சம்பளத் துண்டு, வேலை ஒப்பந்தம், உடுப்பின் படம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

அந்தச் சகோதரி போகும்போது, "அப்ப இது அவை தாற உதவி இல்லையோ?" என்று கேட்டார். இல்லை, தங்கச்சி. மேசனுக்குச் சாந்தகப்பை போல, பிறீசரில் நிற்கிறவனுக்கு ஜக்கற் ஒரு ஆயுதம். ஆயுதத்துக்கு நன்றி சொல்லத் தேவையில்லை, கடன்படவும் தேவையில்லை. உங்கள் கணவரின் பத்து விரலும் அவரோடு வீட்டுக்கு வர வேண்டும். அதுதான் கணக்கு.

உங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி வெட்டியிருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். பெயரை வெளியிட மாட்டோம். அடுத்த இதழில் சந்திப்போம்.