கதவை யார் சாத்துவது?

இணைய இணைப்பை விற்கும் நிறுவனங்கள் ஆபாசத் தளங்களைத் தொடக்கத்திலேயே அடைத்துத் தர வேண்டுமா? வேண்டியவர் கேட்டுத் திறந்துகொள்ளட்டும் என்பது ஒரு கட்சி. வேண்டாதவர் கேட்டு அடைத்துக்கொள்ளட்டும் என்பது மறு கட்சி. சொல்லளவில் சிறிய வேறுபாடுதான். ஆனால் பிள்ளைகளின் கண்முன் எது வந்து விழும் என்பதை அச்சிறு வேறுபாடே பெரிதும் முடிவு செய்கிறது. நாம் முதற்கட்சியைச் சேர்ந்தவர்கள்.

பிரிட்டனின் அனுபவம் நமக்குப் பாடமாக இருக்கிறது. 2013 ஜூலையில் அந்நாட்டுப் பிரதமராயிருந்த டேவிட் கேமரன், வீட்டு இணைப்புகளுக்கு வடிகட்டி வைக்கும் திட்டத்தை அறிவித்தார். நான்கு பெரிய நிறுவனங்கள் இணங்கின. ஆயினும் தொடக்கத்தில், வாடிக்கையாளரிடம் கேட்டு அவர் விருப்பப்படி செய்வதாகவே ஏற்பாடு அமைந்தது. விளைவு என்ன? ஆஃப்காம் என்னும் ஒழுங்குமுறை அமைப்பு 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, மூன்று நிறுவனங்களின் புதிய வாடிக்கையாளருள் வடிகட்டியை ஏற்றவர்கள் முறையே 5, 8, 4 விழுக்காட்டினரே. 2011 முதலே இதனை நடத்திவந்த நான்காவது நிறுவனத்திலும் அது 36 விழுக்காடுதான். ஏற்காதவர் அனைவரும் ஆபாசப் பிரியர்கள் என்று நாம் கூறமாட்டோம். பிள்ளையற்ற வீடுகளும் அவற்றுள் உண்டு. ஆனால் கேட்டால்தான் பாதுகாப்பு என்றால், கேட்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளைக்குப் பாதுகாப்பே இல்லை என்பதல்லவா பொருள்?

நம் மார்க்கம் இக்கேள்விக்கு வழிகாட்டாமல் இல்லை. திருமறையின் நூர் அத்தியாயம் 58ஆம் வசனத்தை நம் தாய்மார்கள் அறிவார்கள். வைகறைத் தொழுகைக்கு முன்னும், நண்பகலில் ஆடை தளர்த்தும் வேளையிலும், இஷாவுக்குப் பின்னும் பருவமடையாத பிள்ளைகளும் அனுமதி பெற்றே உள்ளே வர வேண்டும் என்பது அதன் கட்டளை. இங்கே கதவு முதலில் சாத்தியிருக்கிறது; கேட்ட பின்னரே திறக்கிறது. பெற்ற தாய்தந்தையரின் அறைக்கே இந்த ஒழுங்கு என்றால், முன்பின் அறியாத வணிகர் விற்கும் அசிங்கத்துக்குக் கதவே வேண்டாம் என்பது எந்த நியாயம்?

மறுப்போர் கூறுவதையும் கேட்போம். வடிகட்டி நல்லதையும் அடைக்கும் என்கிறார்கள். உண்மை. பிரிட்டனில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் எடின்பரோ நிலையமொன்றின் தளமே அடைபட்டது 2013 டிசம்பரில் வெளியாயிற்று. ஆகவே தவறாக அடைபட்ட தளத்தை முறையிட்டு விரைவில் திறக்கும் வழி கட்டாயம் வேண்டும். விபிஎன் கொண்டு தாண்டிவிடுவார்கள் என்கிறார்கள். அதுவும் உண்மை. ஆனால் கள்வன் பூட்டை உடைப்பான் என்பதற்காக எவரும் வீட்டைத் திறந்துபோட்டு உறங்குவதில்லை. தேடிச் சென்று தாண்டும் இளைஞன் வேறு. பாடத்துக்குப் படம் தேடிய பத்து வயதுப் பிள்ளை தடுக்கி விழுவது வேறு.

மூன்றாவது மறுப்பு கனமானது: அடைக்கும் அதிகாரம் அரசின் கையில் போய்ச் சேரும் என்பது. இதில் நாம் அவர்கள் பக்கமே. நம் நாட்டில் 2015 ஜூலை இறுதியில் 857 தளங்களை முடக்க அரசு ஆணையிட்டது. சில நாட்களிலேயே அதைத் தளர்த்தியது. உத்தராகண்ட் உயர்நீதிமன்றத் தீர்ப்பையொட்டி 2018இல் 827 தளங்கள் முடக்கப்பட்டன. இவை குடிமகன் நீக்கிக்கொள்ள முடியாத தடைகள். நாம் கேட்பது அதுவன்று. வீட்டுக்குரியவர் தம் விருப்பப்படி நீக்கக்கூடிய கதவு. தள முடக்கம் பற்றிய 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆவது விதி, புகாரையும் நடவடிக்கையையும் இரகசியமாக வைக்கச் சொல்கிறது. இரகசியப் பட்டியலில் இன்று ஆபாசம் இருக்கும்; நாளை சிறுபான்மையினரின் குரல் இருக்காது என்பதற்கு உத்தரவாதம் யார்? எனவே எவ்வகைத் தளங்கள் அடைபடும் என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். வடிகட்டியை நீக்கியவர் யார் யார் என்ற ஏடும் எங்கும் இருக்கலாகாது. பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் தடுத்த மார்க்கம் நம்முடையது.

நம் நாட்டில் பதினெட்டு வயது நிரம்பாதோர் பெயரில் கைப்பேசி இணைப்பு வழங்கப்படுவதில்லை. பிள்ளை கையில் இருப்பது தந்தை பெயரிலோ தாய் பெயரிலோ வாங்கியது. அதைப் பிள்ளை பார்க்கிறது என்பது விற்றவருக்குத் தெரியாது. சபுரில் இருக்கும் வாப்பாவின் முகம் பார்க்கவென்று கொடுத்த கைப்பேசி, இரவில் எந்த முகங்களைக் காட்டுகிறது என்பது உம்மாவுக்கும் தெரியாது. ஆதலால் எல்லா இணைப்புகளும் அடைத்தே வருவதுதான் அறிவுக்குப் பொருந்தும்.

இறுதியாக நம்மவருக்கும் ஒரு சொல். நிறுவனம் அடைத்துவிட்டதென்று நாம் நிம்மதியாக உறங்க முடியாது. பார்வையைத் தாழ்த்தும் கட்டளையை நூர் அத்தியாயம் 30ஆம் வசனத்தில் முதலில் ஆண்களுக்கே இடுகிறது. பெண்களுக்கு அடுத்த வசனத்தில்தான். மகளின் கைப்பேசியைச் சோதிக்கும் தந்தையரே, மகனுடையதையும் உங்களுடையதையும் எப்போது சோதிக்கப் போகிறீர்கள்? தெருக்கதவைச் சாத்தச் சொல்லி நிறுவனத்தைக் கேட்போம். அது நம் உரிமை. உள்ளக்கதவை நாமே சாத்துவோம். அது நம் கடமை.