மரம் நட்டால் சாயம் போகுமா?

நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இந்த மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு சொல்வது இது. அதன் பலனாகப் பள்ளிக்குக் கழிப்பறை வருகிறது, அரசு மருத்துவமனைக்குக் கருவி வருகிறது, சாலையோரம் மரக்கன்றும் அதைச் சுற்றிய கூண்டில் நிறுவனத்தின் பெயர்ப்பலகையும் வருகின்றன. (கன்று பட்டுப்போன பிறகும் பலகை பளிச்சென்றிருக்கும்.) எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால், வந்த லாபத்தில் எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்கும் இந்தப் பிரிவு, அந்த லாபம் எந்த ஆற்றின் தலையில் விடிந்தது என்று கேட்பதில்லை.

அதைக் கேட்க வேண்டிய ஊர் திருப்பூர்.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க நிறைய உப்பு தேவை. நிறத்தை ஓரளவு நீக்கிவிடலாம். கரைந்த உப்பைச் சாதாரண சுத்திகரிப்பால் பிரிக்க முடியாது. ஊரின் பனியன் ஏற்றுமதி கொடிகட்டிப் பறந்த காலத்தில் அந்த உப்புநீர் நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக ஆற்றின் குறுக்கே 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தொட்டியாக மாறியது. கிணறுகள் உப்பேறின. அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது.

இதைத் திருத்தியது எந்த நிறுவனத்தின் தாராள மனமும் அல்ல. ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கு. கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியேறக் கூடாது என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் கெடு விதித்தது. கெடு கடந்தும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கும் இயந்திரங்களும் வந்தன. இன்று மீட்கப்படும் தண்ணீர் சாயத் தொட்டிக்கே திரும்புகிறது. மீண்டும் பயன்படாத கலப்பு உப்பை என்ன செய்வது என்ற சிக்கல் மட்டும் மிச்சம்.

இந்தச் சுத்திகரிப்புச் செலவு முதலில் விழுவது ஜாப் ஒர்க் செய்யும் சாயப்பட்டறைக்காரர்கள் மீது. அவர்களில் பலர் 135ஆவது பிரிவின் வரம்புக்குள்ளேயே வராதவர்கள். அந்தத் துணியை வாங்கும் வெளிநாட்டு பிராண்டோ பசுமை அறிக்கை வெளியிட்டுக்கொண்டே விலையில் பேரம் பேசுகிறது. பேரத்தில் குறையும் தொகை, கழிவை ரகசியமாகத் திறந்துவிடும் ஆசையைத்தான் வளர்க்கும்.

சுத்திகரிப்புச் செலவை ஆர்டர் விலையில் தனி இனமாகச் சேர்க்க பிராண்டுகளும் ஏற்றுமதியாளர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தப் பட்டறையில் சாயமேறிய துணி என்பதை அவர்களின் ஆண்டறிக்கை சொல்ல வேண்டும். மரக்கன்றுக் கணக்கை அதற்குப் பிறகு பார்க்கலாம்.