சால்வையும் சோற்றுப் பொதியும் போதுமா? வடக்கின் முதியோரும் பூட்டிக் கிடக்கும் சனசமூக நிலையங்களும்

இலங்கையில் ஒக்டோபர் முதலாம் திகதிக்கு இரண்டு பெயர்கள். சிறுவர் தினமும் அன்றுதான், முதியோர் தினமும் அன்றுதான். பிரதேச செயலகங்களும் பாடசாலைகளும் பெரும்பாலும் இரண்டையும் ஒரே மேடையில் முடித்துவிடுகின்றன. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, பிள்ளைகளின் நடனம். பிறகு முதியோருக்குச் சால்வை. வைத்தியசாலையிலிருந்து யாராவது வந்தால் பிரஷரும் சீனியும் பார்க்கப்படும். மதியம் சோற்றுப் பொதி. கடைசியாகக் குழுப்படம். அதற்குப் பிறகு அந்த முதியவர்கள் அடுத்த ஒக்டோபர் வரை யாருக்கும் தேவைப்படுவதில்லை.

ஒரே நாளில் ஒரே மண்டபத்துக்கு அழைக்கப்படும் இந்த இரண்டு தலைமுறையும் கூடி இருந்து ஒரு வேலையைச் செய்வதைக் காண்பது அபூர்வம். ஒன்று ஆடும், மற்றது பார்க்கும். முதியவர் என்றால் கொடுக்கப்பட வேண்டியவர், பராமரிக்கப்பட வேண்டியவர், கதிரையில் இருத்தப்பட வேண்டியவர் என்ற எண்ணம் எங்கள் நிர்வாகத்தில் மட்டும் இல்லை, வீடுகளிலும் இருக்கிறது. அறுபத்தைந்து வயதில் ஒருவர் புதிதாக ஒன்றைப் படிக்க விரும்பலாம், இன்னொருவருக்குப் படிப்பிக்க விரும்பலாம் என்பது எவருடைய திட்டத்திலும் பெரிதாக இல்லை.

இதை இப்போது பேச வேண்டியதற்குக் காரணம் உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகையில் 65 வயதைத் தாண்டியவர்கள் 7.9 வீதம். 2024 மதிப்பீட்டில் அது 12.6 வீதம். பன்னிரண்டே வருடங்களில் வந்த மாற்றம் இது. மேற்கு நாடுகள் பணக்கார நாடுகளான பிறகு முதுமையடைந்தன. நாங்கள் 2022 பொருளாதார நெருக்கடியின் காயம் ஆற முதலே முதுமையடைகிறோம். இது முழு நாட்டுக்கும் பொதுவான கதை. வடக்கு கிழக்கில் இதற்கு மேல் இன்னொரு அடுக்கு இருக்கிறது.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நல்ல நோக்கத்துடன் வந்த சட்டம். முதியோருக்கான தேசிய சபை அதன்படி உருவானது. தன்னைத்தானே பராமரிக்க முடியாத பெற்றோர், வசதியுள்ள பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கேட்டு அதற்கான சபையிடம் விண்ணப்பிக்கவும் வழி செய்தது. ஆனால் இந்த ஏற்பாடு ஒன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது: முதியவருக்கு ஒரு பிள்ளை இருக்கிறது, அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறது, அழைத்தால் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. முள்ளிவாய்க்காலில் மூன்று பிள்ளைகளையும் இழந்த தாய் யாருக்கு எதிராக விண்ணப்பிப்பார்? மகன் இருக்கிறானா இல்லையா என்ற கேள்விக்கே பதினாறு வருடங்களாகப் பதில் கிடைக்காத தகப்பன் அந்தப் படிவத்தில் பிள்ளைகளின் விபரம் என்ற இடத்தில் எதை எழுதுவார்? மிச்சம் இருக்கும் பிள்ளைகளில் ஒரு பகுதி கனடாவிலும் இலண்டனிலும் பாரிஸிலும். மாதம் காசு வருகிறது. வீட்டில் கதைக்க ஆளில்லை.

உதவித் தொகை தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வருமானம் குறைந்த எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான மாதக் கொடுப்பனவு நீண்ட காலம் 2000 ரூபாவாக இருந்து, பிறகு 3000 ஆகி, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5000 ஆனது. இன்றைய விலைவாசியில் அது எத்தனை நாளைக்கு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் காசு மட்டும் தீர்க்காத ஒன்றும் இருக்கிறது. காலையில் எழும்பி வெளிக்கிட்டுப் போவதற்கு ஓர் இடம். அங்கே தன்னை எதிர்பார்க்கும் நாலு பேர். முதுமறதி பற்றிய லான்செட் ஆணைக்குழுவின் 2024 அறிக்கை, குறைக்கக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிடுகிறது. சிறுவயதில் கல்வி குறைவாகக் கிடைத்தது, சமூகத்திலிருந்து தனிமைப்படுவது, கவனிக்காமல் விட்ட காது கேளாமை, கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைபாடு ஆகியவையும் அதில் வருகின்றன. இந்த நான்கையும் ஒரு வன்னிக் கிராமத்தில் வைத்துப் பாருங்கள். இடப்பெயர்வுகளுக்கு இடையில் படிப்பு அறுந்தவர்கள், எறிகணைச் சத்தத்தில் செவி போனவர்கள், கண்ணில் வெண்புரை படர்ந்தும் பஸ் ஏறி வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக ஆளில்லாதவர்கள். சால்வைக்குப் பதிலாக ஒரு மூக்குக்கண்ணாடி கொடுத்தால் அது கல்விக்கான உதவி. கண்ணாடி இல்லாதவரிடம் வாசிகசாலைக்கு வாருங்கள் என்பதில் பொருளில்லை.

வாசிகசாலை என்றதும் நினைவுக்கு வருவது எங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கட்டடங்கள்தான். யாழ்ப்பாணத்தில் சனசமூக நிலையம் இல்லாத கிராமத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் காணி கொடுத்து, இளைஞர்கள் கல் சுமந்து, பத்திரிகை வாங்க வீட்டுக்கு வீடு காசு சேர்த்துக் கட்டியவை அவை. முன்பள்ளியும் அங்கே, விளையாட்டுக் கழகமும் அங்கே, ஊர்ப் பிணக்குத் தீர்த்ததும் அங்கே. யுத்தத்தில் இடிந்தவற்றை மீள்குடியேற்றத்துக்குப் பிறகு நிறுவனங்களும் புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களும் திருப்பிக் கட்டிக் கொடுத்தன. இன்று பலவற்றில் சுவரில் நன்கொடையாளரின் பெயர்ப் பலகை பளிச்சென்று இருக்கிறது, கதவில் பூட்டுத் தொங்குகிறது. பத்திரிகை கைபேசிக்குள் போய்விட்டது. இளைஞர்கள் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். பகலில் அந்தக் கட்டடத்தைப் பயன்படுத்த நேரமும் தேவையும் உள்ள ஒரே கூட்டம் அறுபது வயதைக் கடந்தவர்கள்தான்.

ஆனால் சனசமூக நிலையத்தைப் புனிதப்படுத்தியும் எழுதக்கூடாது. அது பெரும்பாலும் ஆண்களின் இடம். சாய்மனைக் கதிரையும் பத்திரிகையும் அவர்களுக்கு. பெண்கள் வருவது முன்பள்ளிப் பிள்ளையைக் கூட்டிப்போக, அல்லது கூட்டம் கூடும்போது தேநீர் ஊற்ற. யுத்தம் விட்டுச் சென்ற முதியோரில் தனித்து வாழும் பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்தக் கிராம அலுவலரும் சொல்லுவார். அவர்கள் உள்ளே வந்து இருக்க முடியாத நிலையம் முதியோர் நிலையமாக முடியாது. அடுத்தது சாதி. ஒரே கிராமத்தில் கூப்பிடு தூரத்தில் இரண்டு சனசமூக நிலையங்கள் இருப்பதன் காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை. முகாமில் ஒரே வரிசையில் நின்று தண்ணீர் பிடித்தவர்கள் ஊருக்குத் திரும்பியதும் வேறு வேறு வாசிகசாலைக்குப் போனார்கள்.

முதியோருக்கு எதைப் படிப்பிப்பது? 2022இல் எரிபொருளுக்குக் கியூ.ஆர் வந்தது. 2023இல் அஸ்வெசும வந்தது. விண்ணப்பம், மேன்முறையீடு, வங்கிக் கணக்கு என்று எல்லாமே கைபேசியோடும் அட்டையோடும் வந்தன. பேரப்பிள்ளையின் முகம் வட்ஸ்அப்பில் இருக்கிறது. பரிசு விழுந்திருக்கிறது, வந்த இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று கேட்கும் மோசடிக்காரனும் அதே கைபேசியில்தான் இருக்கிறான். "உது எனக்கு விளங்காது, தம்பி வரட்டும்" என்று சொல்லி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் பக்கத்து வீட்டுப் பொடியனிடம் கொடுத்துவிடும் அம்மாக்கள் எத்தனை பேர்! பொடியன் நல்லவனாக இருந்தால் சரி. தன் காசைத் தானே எடுக்கத் தெரிவதும், தன் பிள்ளையைத் தானே அழைத்துக் கதைக்கத் தெரிவதும் சின்ன விடயங்கள் இல்லை. சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகள் இருவர் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் இது நடக்கும். ரியூசனுக்கு இடையில் அந்த ஒரு மணித்தியாலத்தை யார் விடுவார்கள் என்பது வேறு கதை.

வயது தடையா என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே பதில் உண்டு. 2018இல் கேரள அரசின் எழுத்தறிவுத் தேர்வில் 96 வயது கார்த்தியாயினி அம்மா நூற்றுக்கு 98 புள்ளிகள் எடுத்தார். ஆனால் அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வவுனியா, முல்லைத்தீவு, மருதங்கேணி, திருகோணமலை என்று அது பரவியது. அந்தக் கொட்டகைகளில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் தாய்மார், அறுபதையும் எழுபதையும் தாண்டியவர்கள். அவர்களில் பலர் தோட்டத்தையும் வயலையும் வீட்டையும் தவிர வேறு அலுவலகம் பார்க்காதவர்கள். அவர்கள் அங்கே என்னென்ன படித்தார்கள் என்று யாராவது கணக்கெடுத்திருக்கிறோமா? மனு எழுதுவது எப்படி, ஆட்கொணர்வு மனு என்றால் என்ன, ஜெனீவாவில் மார்ச் மாதம் என்ன நடக்கும், 30/1 தீர்மானம் எதைச் சொன்னது, காணாமற்போனோர் அலுவலகத்தை ஏன் நம்பவில்லை, கமராவுக்கு முன்னால் எத்தனை நிமிடத்தில் எதைச் சொல்ல வேண்டும். ஓர் இராஜதந்திரி வந்தால் அவருடைய நாடு எப்படி வாக்களித்தது என்று தெரிந்து கேள்வி கேட்கிறார்கள். வடக்கு கிழக்கில் முதியோருக்கென நடந்த மிகப் பெரிய வகுப்பறை வீதியோரத் தகரக் கொட்டகைதான். அதற்கு ஆசிரியர் இல்லை, சான்றிதழும் இல்லை. பிள்ளையைக் காணாமலே பல தாய்மார் இறந்துபோனார்கள். அவர்கள் படித்ததும் அவர்களுக்குத் தெரிந்திருந்ததும் பெரும்பாலும் எழுதப்படாமலே போனது.

எழுதப்படாமல் போவது அது மட்டுமில்லை. 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது பல இடங்களில் வேலியும் இல்லை, வீடும் இல்லை. உறுதி எரிந்திருந்தது, அல்லது இடப்பெயர்வில் தொலைந்திருந்தது. கிணற்றையும் கோயிலையும் பழைய பனையையும் வைத்து எல்லையைக் காட்டியவர்கள் வயது போனவர்கள். இன்னும் விடுபடாத காணிகளின் எல்லை யாருடைய நினைவில் இருக்கிறது? அதே 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்களோடு ஒரே தெருவில் வாழ்ந்த நினைவுள்ள தமிழர்களும் இப்போது முதியவர்கள்தான். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்துத் தந்திருக்கிறது. அச்சில் வராததைச் சேர்க்க ஒவ்வோர் ஊரிலும் கேட்கத் தெரிந்தவர்களும் பதிவு செய்யத் தெரிந்தவர்களும் வேண்டும். ஒரு பேத்தி கைபேசியைப் பிடிக்க, பேத்தியார் குளத்தின் பழைய பெயரையும் வாய்க்கால் ஓடிய வழியையும் சொல்வது இரண்டு பேருக்கும் பாடம்.

இங்கேதான் தொண்டு என்ற சொல் வருகிறது. கவனமாகப் பேச வேண்டிய சொல். வடக்கில் 'தொண்டர் ஆசிரியர்' என்றால் எல்லோருக்கும் விளங்கும்: யுத்த காலத்திலும் பிறகும் சம்பளம் இல்லாமலோ சொற்பப் பணத்துக்கோ வகுப்பறைகளைத் தாங்கி, பிறகு நிரந்தர நியமனம் கேட்டு வருடக்கணக்காக வீதியில் இருந்தவர்கள். எனவே இளைப்பாறிய ஆசிரியர்களைத் தொண்டர்களாகக் கூப்பிடும் எந்தத் திட்டத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது யாருடைய வெற்றிடத்தை இலவசமாக நிரப்பப் போகிறது என்பதே. கணித ஆசிரியர் இல்லாத வன்னிப் பாடசாலைக்கு ஆசிரியரை அனுப்புவது அரசின் கடமை. எழுபது வயது ஓய்வூதியரைக் காட்டி அந்தக் கடமை தட்டிக் கழிக்கப்படக்கூடாது. அவர் செய்யக்கூடியது வேறு. பின்னேரம் நிலையத்தில் இருந்து, வாசிக்கத் தடுமாறும் நாலாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துப் பொறுமையாக வாசிக்கப் பண்ணுவது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எந்த ஆசிரியருக்கும் அதற்கு நேரம் கிடையாது.

கைம்மாறு இல்லாத தொண்டுதான் உயர்ந்தது என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். யப்பானில் 1975இல் ரோக்கியோவில் தொடங்கிய முதியோர் மனிதவள நிலையங்கள், ஓய்வு பெற்றவர்களுக்கு ஊருக்குள் சிறிய வேலைகளைத் தேடிக் கொடுக்கின்றன, செய்த வேலைக்குச் சிறு தொகையும் கிடைக்கிறது. பனையோலை பின்னத் தெரிந்த ஆச்சி ஐந்து பெட்டைகளுக்குப் பழக்கினால் பஸ் காசும் ஒரு தொகையும் கொடுக்கப்பட வேண்டும். ஓய்வூதியம் உள்ள அதிபரும் ஒன்றுமே இல்லாத கூலித் தொழிலாளியும் ஒரே மாதிரி இலவசமாகக் கொடுக்க முடியாது. பிரான்சின் துலூஸ் நகரில் 1973இல் தொடங்கிய மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் 1980களின் தொடக்கத்தில் பிரித்தானியாவுக்குப் போனபோது, பல்கலைக்கழகமும் வேண்டாம் பேராசிரியரும் வேண்டாம், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்போம் என்று மாறியது. எங்களுக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது வடிவம். விசேட காலங்களுக்குக் கோயில் மடத்தில் புராண படனம் வைத்து, ஒருவர் வாசிக்க இன்னொருவர் பயன் சொன்ன ஊர்களுக்கு இது புதிதும் இல்லை.

யார் செய்வது? சமூக சேவைகள் மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் இல்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடங்களுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இருந்தன. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகு தவிசாளர்களும் உறுப்பினர்களும் வந்திருக்கிறார்கள். சனசமூக நிலையங்களைப் பதிவு செய்வதும் நூலகங்களை நடத்துவதும் அவர்களுடைய சபைகள்தான். ஒவ்வொரு வருட இறுதியிலும் பிரதேச சபைகளின் பாதீடு வரும். வட்டாரத்துக்கு ஒரு நிலையம் என்று வைத்தாலும், கேட்க வேண்டியவை பெரிய தொகைகள் இல்லை: கிழமையில் மூன்று நாள் காலை திறந்து வைக்க ஒருவருக்குச் சிறு கொடுப்பனவு, இணைய இணைப்பு, வாசலில் படிக்குப் பதில் சாய்தளம், பெண்களுக்குத் தனியான, கைபிடி வைத்த மலசலகூடம். இந்தக் கடைசி ஒன்று இல்லாததால்தான் பல அம்மாக்கள் எந்தக் கூட்டத்துக்கும் வராமல் வீட்டில் இருக்கிறார்கள். நிலையத்தின் நிர்வாகக் குழுவில் அறுபது வயதைத் தாண்டிய பெண்கள் இருவராவது இருந்தால், அதை யாரும் சபைக்கு எழுதி விளங்கப்படுத்த வேண்டி வராது.